கடைசி வரிசைக்குக் கேட்டதா?

பள்ளி ஆசிரியர்க்கு நம் நாட்டின் தேசிய விருது 1958ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டு வருகின்றது. கல்லூரி ஆசிரியர்க்கு அவ்விருதின் கதவு திறந்ததோ 2023ஆம் ஆண்டில்தான். அறுபத்தைந்து ஆண்டுக் காலம், கல்லூரியிற் கற்பிப்பதும் ஒரு கலைதான் என்பது ஆள்வோர் நினைவுக்கு வரவில்லை போலும். ஆராய்ச்சிக்குப் பரிசு இருந்தது. நூலுக்குப் பரிசு இருந்தது. வகுப்பறையில் நின்று, இருபது வயதுப் பிள்ளைக்கு ஒரு பொருளை விளங்க வைப்பவரைக் கண்டுகொள்வார் இல்லை. 2023இல் விருது பெற்ற 75 பேரில் 13 பேர் உயர்கல்வித் துறையினர். சான்றிதழ், வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய். தாமதமாயினும் நல்ல செயலே. மனமார வரவேற்கின்றோம்.

நம் வருத்தம் வேறு. அரசின் விருது ஒன்று வந்ததும், அதன் நிழலில் நூறு விருதுகள் முளைத்துவிட்டன. ‘புதுமைப் பேராசிரியர்’, ‘எண்மக் கற்பித்தல் செம்மல்’, ‘தொழில்நுட்ப ஆசிரியத் திலகம்’ என்று பட்டங்கள் பறக்கின்றன. கல்லூரிகள் கொடுக்கின்றன, சங்கங்கள் கொடுக்கின்றன, பதிவுக் கட்டணம் செலுத்தினால் கேடயத்தை அஞ்சலிலேயே அனுப்பி வைக்கும் அமைப்புகளும் உள்ளன. இவ்விருதுகளுக்கான விண்ணப்பங்களைப் பார்த்திருப்போர் அறிவர். எத்தனைக் காணொளிகளைப் பதிவேற்றினீர்? எத்தனை பேர் பார்த்தனர்? எந்தெந்தச் செயலிகளைக் கையாண்டீர்? எத்தனைக் கருத்தரங்குகளிற் கலந்துகொண்டீர்? கேள்விகள் இவ்வளவே. உம்மிடம் படித்த பிள்ளைக்கு விளங்கியதா என்று ஒரு வரி கூட இராது.

இவ்வழக்கத்துக்கு வித்திட்டவர்களில் தர மதிப்பீட்டு அமைப்பினரும் உளர் எனலாம். 1994இல் தொடங்கப்பெற்ற ‘நாக்’ அமைப்பு, கல்லூரிகளைத் தரம் பிரிக்கும்போது, தகவல் தொழில்நுட்பக் கருவிகளைக் கையாளும் ஆசிரியர் நூற்றுக்கு எத்தனை, அவ்வசதியுள்ள வகுப்பறைகள் எத்தனை என்று எண்ணிக் கணக்கிட்டு வந்தது. எண்ணப்படுவது எதுவோ அதுவே பெருகும். ஆகவே கல்லூரிகள் ஸ்மார்ட் போர்டுகளை வாங்கிச் சுவரில் மாட்டின. குழு வந்து போகும் மூன்று நாளும் அவை ஒளிர்ந்தன. அதன்பின் அவற்றின் மீது துணி போர்த்தி வைத்த வகுப்பறைகள் எத்தனையோ!

இங்கே நாம் பழமை பேசுவதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். கருவி கொண்டு கற்பிப்பது நம் மரபுக்குப் புதியதன்று. முதல் வஹீயிலேயே எழுதுகோல் குறிப்பிடப்பட்ட சமுதாயம் நாம். ஆயினும் கருவியை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதில் நம் முன்னோர் கொண்டிருந்த தெளிவு, இன்றைய விருதுக் குழுவினரிடம் காணப்படவில்லை. அதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

ஹதீஸ் கலை செழித்தோங்கிய நாளில், பக்தாத் போன்ற மாநகரங்களில் ‘மஜ்லிஸுல் இம்லா’ என்ற சபைகள் கூடும். முஹத்திஸ் சொல்லச் சொல்ல மாணவர் எழுதிக்கொள்வர். கூட்டம் பெருகினால் உஸ்தாதின் குரல் பின்வரிசைக்கு எட்டாது. அதற்கெனவே ‘முஸ்தம்லி’ என்று ஒருவர் இருந்தார். உயரமான இடத்தில் நின்றுகொண்டு, உஸ்தாத் மொழிந்ததை ஓர் எழுத்தும் பிறழாமல் உரத்த குரலில் திருப்பிச் சொல்வது அவர் பணி. பெரிய சபைகளில் ஒருவர் குரல் போதாமல், இவர் சொன்னதை அவர் வாங்கி, அவர் சொன்னதை மற்றொருவர் வாங்கி, இப்படியே முஸ்தம்லிகள் பலர் நின்றதும் உண்டு. ஹிஜ்ரி 562இல் (கி.பி. 1166) மறைந்த இமாம் ஸம்ஆனீ, இதன் ஒழுங்குமுறைகளுக்கென்றே ‘அதபுல் இம்லா வல் இஸ்திம்லா’ என்னும் நூலை இயற்றினார். முஸ்தம்லி உரத்த குரலுடையவராய் இருத்தல் வேண்டும், விழிப்புடையவராய் இருத்தல் வேண்டும், சொல்லை மாற்றாதவராய் இருத்தல் வேண்டும் என்றெல்லாம் அக்கலையினர் வகுத்தனர்.

ஒலிபெருக்கி இல்லாத காலத்து ஒலிபெருக்கி அவர். இக்கால மொழியிற் சொன்னால், கல்வித் தொழில்நுட்பம். அவர் தொண்டையின் வளத்தைப் புகழ்ந்து பொன்னாடை போர்த்திய செய்தி எதனையும் நாம் படித்ததில்லை. கடைசி வரிசையில் இருந்தவன் தன் ஏட்டில் எழுதிக்கொண்டது, உஸ்தாத் சொன்னதோடு ஒத்திருக்கின்றதா என்பதே அவர்தம் கவலை. அதற்காகச் சபை கலைந்த பின் ‘முகாபலா’ செய்தார்கள். அதாவது ஏட்டை மூலத்தோடு வைத்து ஒப்பிட்டார்கள். பிழையிருப்பின் திருத்தினார்கள். அப்போதுதான் பாடம் நடந்ததாகக் கொள்ளப்பட்டது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். ஒரு நூல் சபையில் ஓதிக் கேட்கப்பெற்றால், அந்நூலின் ஓரத்திலோ இறுதியிலோ ‘ஸமா’ என்ற சான்று எழுதப்படும். யார் ஓதினார், யார் கேட்டனர், எந்த நாள், எந்த இடம் என்பன அதில் இருக்கும். திமிஷ்க் நகரின் ஏடுகளில் இத்தகைய சான்றுகள் ஏராளம் கிடைத்துள்ளன. இன்னார் முழுவதும் கேட்டார், இன்னார்க்கு இன்ன பகுதி தவறிற்று என்று பிரித்தெழுதிய நேர்மை அவற்றிற் காணப்படுகின்றது. சபையிற் கண்ணயர்ந்தவரையும் பேசிக்கொண்டிருந்தவரையும் அப்படியே குறித்து வைத்த சான்றுகளும் உள்ளன! வந்து உட்கார்ந்தான் என்பது வேறு, கேட்டான் என்பது வேறு என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

நாமோ 2020ஆம் ஆண்டில் என்ன செய்தோம்? மார்ச் மாதம் கொரோனாவினாற் கல்லூரிகள் மூடப்பட்டன. இணையவழி வகுப்புகள் தொடங்கின. மாணவன் கைப்பேசி உள்நுழைந்திருந்தால் அவன் வருகை தந்தவன். அவன் உறங்கினானா, வயலில் நின்றானா, கைப்பேசியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனானா என்று அறியும் வழியில்லை. அந்த உள்நுழைவுக் கணக்குகளையே அழகாக அச்சிட்டு இணைத்து விருதுக்கு விண்ணப்பித்தோர் உளர். பெற்றோரும் உளர். ஆசிரியர் உழைக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. இரவெல்லாம் கண்விழித்துக் காணொளி தயாரித்த நல்லாசிரியர்களை நாம் அறிவோம். அவ்வுழைப்பையும் வெறும் உள்நுழைவையும் ஒரே தராசில் இட்டு நிறுத்ததே நாம் சுட்டும் குறை.

இதனை நகரத்து மாளிகையில் நின்று பேசினால் விளங்காது. வெள்ளிமலையில் நின்று பேசுவோம். கள்ளக்குறிச்சியிலும் சங்கராபுரத்திலும் தியாகதுருகத்திலும் வாழும் நம் குடும்பத்தார்க்குக் கல்வராயன் மலை அந்நியமன்று. மலையிலிருந்து இறங்கும் புளியும் கடுக்காயும் தேனும் சந்தைக்கு வரக் கண்டவர்கள் அவர்கள். ஆயினும் அம்மலை மக்களின் பிள்ளைகள் எவ்வாறு படிக்கின்றனர் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? கல்வராயன் மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். மூன்று ஜாகிர்தார்களின் கீழிருந்த அம்மலை, நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் அம்முறையிலிருந்து விடுபட்டது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கல்வராயன்மலை வட்டத்துக்கு வெள்ளிமலை தலைமையிடமாயிற்று. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பின்னரே, நாட்டின் கண் அம்மலைப் பக்கம் திரும்பிற்று. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து, அம்மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து வழக்கெடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்று அடுக்கடுக்காய் வினாக்கள் எழுந்தன.

அம்மலையின் உண்டு உறைவிடப் பள்ளியிற் படித்து முடித்த ஒரு பெண் கல்லூரிக்கு வருகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அவள் சமவெளிக்கு இறங்கியாக வேண்டும். அவள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவள் அவளே முதல்வள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிற் படித்தவள் முன், ஆங்கிலத்திற் கணக்கியலோ வேதியியலோ விரிகின்றது. ஆசிரியர் திரையில் ஐம்பது படங்களை ஓட்டுகின்றார். மணி அடிக்கின்றது. ‘பாடத்தைக் குழுவில் அனுப்பியுள்ளேன், வீட்டிற் பார்த்துக்கொள்க’ என்கிறார். விடுமுறைக்கு ஊர் சென்றவள், அலைவரிசைக்காக மேடு தேடி ஏற வேண்டும். 2021 ஜனவரியில், தமிழக அரசு கல்லூரி மாணவர் ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு நாள்தோறும் 2 ஜி.பி. இலவச டேட்டா வழங்குவதாக அறிவித்தது. நல்ல எண்ணந்தான். கோபுரம் எட்டாத ஊரில் அந்த அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வெள்ளிமலையே நம் காலத்தின் கடைசி வரிசை. அங்கே கேட்டதா என்று விசாரிக்காத விருது, முதல் வரிசையினர் தமக்குத் தாமே கை தட்டிக்கொள்வதாகும்.

தொழில்நுட்பம் கடைசி வரிசையைத் தவறவிடுவது இன்று நேற்று வந்த குறையும் அன்று. 1984 ஆகஸ்ட் 15ஆம் நாள் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷன் வாயிலாக ‘நாடு தழுவிய வகுப்பறை’ ஒன்றைத் தொடங்கிற்று. சிற்றூர்க் கல்லூரி மாணவனுக்கும் தலைசிறந்த பேராசிரியரின் பாடம் என்பது நோக்கம். பாடங்களோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்தன. யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களுக்கு அது எட்டவில்லை என்ற குறை அப்போதே எழுந்தது. 2003இல் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியற் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. 2017இல் ‘ஸ்வயம்’ தளம் வந்தது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு மாணவர் தம் படிப்பின் மதிப்பலகுகளில் நூற்றுக்கு நாற்பது வரை அத்தளத்தின் வழியே பெறலாம் என்றாயிற்று. அவற்றில் உயர்ந்த பாடங்கள் உள்ளன. தமிழிற் பெயர்த்தவையும் உள்ளன. குறை சொல்வதற்கில்லை. எனினும் பெரிய உஸ்தாதின் குரல் இணையத்தில் ஒலிக்கின்றது என்பதாலேயே, வெள்ளிமலைப் பெண்ணுக்கு அது பாடமாகிவிடாது. இடையில் ஒரு முஸ்தம்லி வேண்டும். அவள் அருகிருந்து, அவள் அறிந்த சொல்லில், அவள் எங்கே தடுக்கி நிற்கின்றாள் என்று கண்டு எடுத்துச் சொல்லும் ஒருவர்.

அந்த ஒருவர் யார்? நம் அரசுக் கல்லூரிகளிற் பெரும்பாலும் அவர் கௌரவ விரிவுரையாளர். பெயரிற் கௌரவம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில், இத்தகையோர்க்கு வகுப்பொன்றுக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் என்றது. நம் மாநிலத்தில் அதன் பிறகும் பல ஆண்டுகள் அவர்கள் கண்டது அதிற் பாதியளவுக்குள்தான். அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதமே. அடுத்த ஆண்டு இருப்போமா என்று அறியாத ஒருவர், மூன்றாண்டுக்குரிய புதுமையை எவ்வாறு திட்டமிடுவார்? பணி நிரந்தரம் பெற்றவர் ஓய்வு நேரத்திற் காணொளி எடுத்து விருது வாங்க, அவர் வகுப்பையும் சேர்த்து எடுத்த கௌரவ விரிவுரையாளர் பேருந்துக்கு நிற்கின்றார். இக்காட்சியைக் காணாத கல்லூரி உண்டோ?

நம் சமுதாயக் கல்லூரிகளை மட்டும் விட்டுவைப்போமா? 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் சென்னையில் புதுக் கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும், 1955இல் அதிராம்பட்டினத்தில், 1956இல் உத்தமபாளையத்தில், 1965இல் மேல்விஷாரத்தில், 1970இல் இளையான்குடியில் என்று, தோல் வணிகத்திலும் கடல் வணிகத்திலும் ஈட்டியதை அள்ளிக் கொடுத்து நம் பெரியோர் கல்விக்கூடங்களை எழுப்பினர். எட்டாதவர்க்கு எட்டச் செய்வதே அவர்தம் நிய்யத். இன்று நம் கல்லூரி ஆண்டு விழாக்களுக்குச் சென்று பாருங்கள். மேடையில் புதிய கருவியின் திறப்பு விழா நடக்கும். அது எத்தனை இலட்சம் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். அவ்விலட்சத்தில் இரண்டு ஆசிரியர்க்கு ஓராண்டு நல்லூதியம் கொடுத்திருக்கலாமே என்று நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரிடம் நாம் ஒருமுறை கேட்டோம். ‘ஹஸ்ரத், ஆசிரியரைப் படம் பிடித்து மலரிற் போட முடியுமா?’ என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், என்றாலும் சொன்னார்.

மறுபுறம், கருவி என்றாலே முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சிலர் நம்மிடை உளர். ‘புதுமை’ என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கட்கு ‘பித்அத்’ நினைவு வந்துவிடுகின்றது. மார்க்கத்திற் புதிதாய்ப் புகுத்துவது வேறு, மார்க்கத்துக்கும் கல்விக்கும் உதவும் சாதனத்தைக் கைக்கொள்வது வேறு என்று உலமாப் பெருமக்கள் எப்போதோ விளக்கிவிட்டனர். தொழுகையில் ஒலிபெருக்கி ஆகுமா என்று சென்ற நூற்றாண்டில் எவ்வளவு விவாதம் நடந்தது! இன்று ஒலிபெருக்கியில்லாப் பள்ளிவாசல் எங்கே? நம் முன்னோர் கைக்கொண்ட புதுமைகளுள் அரபுத்தமிழை விடப் பெரியது யாது? குர்ஆன் ஓதக் கற்ற பெண்ணுக்கு அரபு எழுத்துத் தெரியும், தமிழ் எழுத்துத் தெரியாது. ஆகவே அவளறிந்த எழுத்தில் அவளறிந்த மொழியை எழுதிக் கொடுத்தார்கள். எழுத்தையே வளைத்தார்களேயன்றி, அவளை வளைந்து வரச் சொல்லவில்லை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற மேதைகள் அரபுத்தமிழில் இயற்றிய நூல்கள் கல்லச்சேறி, வீடு வீடாகப் பெண்களின் கைகளுக்குச் சென்றன. சட்டம் தெரியாத பாட்டி பேத்திக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தாள். கற்பிப்பதில் புதுமை என்றால் நாம் அறிந்த அளவுகோல் இதுவே. அடுப்படி வரை எட்டிற்றா, இல்லையா?

இவ்வளவுகோலை வைத்து இன்றும் நல்லாசிரியரைக் காணலாம். பத்து நிமிடப் பாடத்தைத் தமிழிற் பேசி, ஒலிப்பதிவாக மட்டும் சுருக்கி, இணையம் இல்லாமலே ஒரு கைப்பேசியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றத்தக்கதாய்ச் செய்து கொடுக்கும் ஆசிரியர் புதுமையாளர். அவர் காணொளியைப் பத்தாயிரம் பேர் பார்த்ததாகக் கணக்கிராது. மலைக்குச் செல்லும் பேருந்தில் நான்கு பேர் கேட்டிருப்பர். ஆங்கிலக் கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் மலையாளிப் பிள்ளை வீட்டிற் புழங்கும் சொல்லை எழுதி வைப்பவர் புதுமையாளர். கேள்வி கேட்க நாணும் பெண், இரவில் குரற்செய்தியாய் அனுப்பிய ஐயத்தை, மறுநாள் அவள் பெயர் சொல்லாமல் வகுப்பில் எடுத்து விளக்குபவர் புதுமையாளர். இவர்கள் விண்ணப்பிக்க மாட்டார்கள். விண்ணப்பத்தில் இதை நிரப்பக் கட்டமும் இல்லை.

தாமே தம் பெயரை முன்மொழிந்து, தம் சாதனைகளைத் தாமே கோப்பாகக் கட்டி அனுப்பும் முறை நம் மரபுக்கு ஒவ்வாதது. இஜாஸா முறையில் ஆசிரியர் சான்று வாங்குவதில்லை, கொடுக்கின்றார். மாணவன் கையிலுள்ள ஸனதில் உஸ்தாதின் பெயர் நிற்கின்றது; அவருக்கு மேல் அவர் உஸ்தாதின் பெயர். மாணவன் நன்றாகக் கற்பித்தால் உஸ்தாத் அறியப்படுவார். எனவே அவரை அறிய இருபதாண்டு ஆகலாம். நம் அவசரக்காரர்களோ ஜூனிற் கற்பித்ததற்குச் செப்டம்பரிற் கேடயம் தேடுகின்றார்கள்.

ஆதலின் நம் சமுதாயக் கல்லூரிகளின் நிர்வாகிகட்கு ஒரு விண்ணப்பம். அரசை எதிர்பார்க்க வேண்டா. நீங்கள் ஒன்றுகூடி ஒரே ஒரு விருதை ஏற்படுத்துங்கள். அதற்கு ஆசிரியரிடமிருந்து விண்ணப்பம் வாங்காதீர்கள். தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று, ஐந்தாண்டாவது கழிந்த பழைய மாணவரிடம் கேளுங்கள். அவர் நம்மவராயினும் மலையவராயினும் யாராயினும் ஆகுக. உமக்கு விளங்க வைத்தவர் யார், எவ்வாறு விளங்க வைத்தார் என்று கேளுங்கள். கௌரவ விரிவுரையாளரையும், ஒப்பந்தத்தில் இருப்பவரையும், பணி நீங்கிச் சென்றவரையும் கணக்கில் எடுங்கள். பொன்னாடையும் கேடயமும் விழா மலரும் வேண்டா. பணி நிலையில்லாதவர் எனில் பணியை நிலையாக்குங்கள்; நிலைபெற்றவர் எனில், அடுத்த பாடத்தை அமைதியாக உருவாக்க ஒரு பருவம் ஊதியத்துடன் ஓய்வு கொடுங்கள். பரிந்துரை வந்த ஊருக்குக் குழுவினர் நேரிற் சென்று, அந்த மாணவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர் வைத்திருக்கும் பழைய குறிப்பேட்டை வாங்கிப் பார்க்கட்டும். அதுவே முகாபலா.

வெள்ளிமலை தொலைவு என்று குழுவினர் தயங்க வேண்டா. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்து போகின்றது.